அடங்காத வலிப்பும் புதிய மருந்தும்

பாகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் அமைந்த சிற்றூர் கோலா தெர்லா. சாலையோரம் காய்கறித் தோட்டங்களும் மலைச்சரிவுகளில் தேயிலையும் தெரியும். காலைப் பனி முழுதும் விலகுமுன்பே சரிவுகளில் வேலை தொடங்கிவிடும். தேயிலைச் செடி வரிசைகளுக்கு இடையே ஓராள் நடக்கும் அளவே வழி இருக்கும். மழை பெய்துவிட்டால் அதுவும் வழுக்கும். தொழிலாளியின் கையில் கொழுந்து வெட்டும் பெரிய கத்தரிக்கோல் இருக்கும். அத்தகைய சரிவில் நிற்கும் ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தால், நோயைவிட அவர் விழுகின்ற இடமே பெரிய ஆபத்தாகிவிடும்.

அவர் மருந்து உட்கொள்ளாதவர் அல்லர். இரண்டு மருந்துகளை நாள் தவறாமல் உட்கொண்டும் அவருக்கு மாதத்திற்கு மூன்று முறை வலிப்பு வருகிறது எனக் கொள்ளலாம். ஒரு நாள் மருத்துவர், “புதிய மருந்து ஒன்று சோதனையில் இருக்கிறது. நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா?” என்று கேட்கிறார். அவரும் அவர் குடும்பத்தாரும் என்ன விடை சொல்வார்கள்? “சரி” என்றாலும் “வேண்டாம்” என்றாலும், அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை அறிந்து சொல்வதே முறை.

மூளையின் நரம்பணுக்கள் மிகச் சிறிய மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சில வேளைகளில் பெருந்தொகையான அணுக்கள் ஒரே நேரத்தில், கட்டுப்பாடின்றி மின்குறிப்புகளை எழுப்பிவிடுகின்றன. அதன் வெளித்தோற்றமே வலிப்பு. கைகால் வெட்டி இழுப்பது மட்டுமே வலிப்பு அன்று. சில நொடிகள் கண்கள் ஓரிடத்தில் நிலைத்து, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பதும் வலிப்பின் ஒரு வகையே. வகுப்பறையில் அப்படி இருக்கும் மாணவரைப் ‘பாடத்தில் கவனமில்லாதவர்’ என்று ஆசிரியர் தவறாக எண்ணிவிடுவதும் உண்டு.

‘கால்-கை வலிப்பு’ என்னும் பெயர் பேச்சுவழக்கில் ‘காக்காய் வலிப்பு’ என்று திரிந்துவிட்டது என்பர். காகத்திற்கும் இந்நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் பழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. இரும்பு எதையும் செய்வதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். அந்நேரத்தில் இரும்பு கையில் இருந்ததால் பெருமை அதற்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே. உண்மையில் செய்ய வேண்டியவை எளியவை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கடியில் மென்மையான துணியை வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. வலிப்பு ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

இரும்பின் கதையை நினைவில் வைத்திருப்பது நல்லது. மருந்துச் சோதனையிலும் இதே சிக்கல்தான் திரும்ப வருகிறது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தக்க மருந்து கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். எஞ்சியோரின் நிலை அவ்வளவு எளிதன்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பேட்ரிக் குவான், மார்ட்டின் பிராடி என்னும் இரு மருத்துவர்கள் 525 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 2000ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அதுவரை மருந்தே உட்கொள்ளாதிருந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தால் மேலும் 14 விழுக்காட்டினர் பயனடைந்தனர். அதன்பின் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது பயன் பெற்றவர்கள் 3 விழுக்காட்டினரே. முதல் சில மருந்துகள் தோற்றுவிட்டால், பழைய மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்பதை இந்த எண்கள் காட்டின.

பொருத்தமான இரண்டு மருந்துகளைத் தக்க அளவில் உட்கொண்டும் வலிப்பு நிற்காவிட்டால், அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு என 2010ஆம் ஆண்டில் அனைத்துலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்தது. ஆனால், அடங்காதது போல் தோன்றுவதெல்லாம் அடங்காத வலிப்பு அன்று. மருந்து தீர்ந்துபோய்ச் சில நாள் விடுபட்டிருக்கலாம்; உறக்கக் குறைவாக இருக்கலாம்; அது வலிப்பாகவே இல்லாமல் மயக்கமாகவும் இருக்கலாம். ஆகவே, மருத்துவர் முதலில் இவற்றை ஆராய்வார். மூளையின் ஒரு சிறு பகுதியிலிருந்தே வலிப்பு தொடங்குகிறது என்று தெரிந்தால், அறுவைச் சிகிச்சையும் ஒரு வழியாகும். டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 116 இளம் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின், அறுவை செய்துகொண்டவர்களில் 77 விழுக்காட்டினர் வலிப்பின்றி இருந்தனர். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அந்நிலையை அடைந்தவர்கள் 7 விழுக்காட்டினர். ஆனால், எல்லாருக்கும் அறுவை பொருந்துவதில்லை. அவர்களுக்குப் புதிய மருந்தே நம்பிக்கை.

அந்தப் புதிய மருந்து எங்கிருந்து வருகிறது? 1930களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெரிட், பட்னம் என்னும் மருத்துவர்கள், பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கிப் பல வேதிப்பொருள்களைச் சோதித்துப் பார்த்தனர். 1908ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்த பினைட்டோயின் அவற்றுள் சிறந்ததாக விளங்கியது. அதற்குமுன் இருந்த மருந்துகள் நோயாளியை உறக்கத்தில் ஆழ்த்தின. பினைட்டோயினோ அந்த அளவுக்கு மயக்கமூட்டாமல் வலிப்பைத் தடுத்தது. 1938 முதல் அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது, இன்றும் பயன்படுகிறது.

இன்னொரு மருந்து கிடைத்த கதை இதைவிடச் சுவையானது. 1962ஆம் ஆண்டில் பிரான்சின் கிரனோபில் நகரில் பியேர் எய்மார் என்னும் இளம் ஆய்வாளர் சில வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவை நீரில் கரையவில்லை. ஆகவே, அவற்றை வல்புரோயிக் அமிலம் என்னும் திரவத்தில் கரைத்தார். விலங்குகளிடம் சோதித்தபோது, எந்தப் பொருளைக் கொடுத்தாலும் வலிப்பு தடைபட்டது. அளவை மாற்றினாலும் விளைவு மாறவில்லை. எல்லா மருந்தும் வேலை செய்கிறது என்றால் எங்கோ தவறு இருக்க வேண்டும். கரைக்கப் பயன்பட்ட திரவத்தை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வலிப்பைத் தடுத்தது அந்தத் திரவமே! அதிலிருந்து வந்த வல்புரோயேட் இன்று உலகெங்கும் பயன்படும் மருந்துகளுள் ஒன்று. மருந்து இல்லாமல் மற்றவை மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்று பார்த்திராவிட்டால், இந்த உண்மை தெரிந்தே இருக்காது.

விலங்குச் சோதனைகள் ஏமாற்றுவதும் உண்டு. லெவட்டிராசெட்டம் என்னும் மருந்து, எலிகளிடம் வழக்கமாகச் செய்யப்படும் இரண்டு அடிப்படைச் சோதனைகளிலும் பயன் காட்டவில்லை. வேறு வகைச் சோதனை ஒன்றிலேயே அதன் ஆற்றல் தெரிந்தது. 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, பின்னர் மிகப் பரவலாகப் பயன்படும் வலிப்பு மருந்துகளுள் ஒன்றாகிவிட்டது. இறுதித் தீர்ப்பை எலிகள் சொல்வதில்லை. மனிதர்களிடம் நடக்கும் சோதனையே சொல்கிறது.

அங்கேதான் இரும்பின் சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது. வலிப்பு நோய் ஒரே சீராக இருப்பதில்லை. கோலா தெர்லாத் தொழிலாளிக்கு ஒரு மாதம் ஆறு முறை வலிப்பு வரலாம்; அடுத்த மாதம் இரண்டே முறை வரலாம். ஆறு முறை வந்த மாதத்தின் இறுதியில்தான் குடும்பத்தார் அஞ்சிப்போய்ப் புதிய வழி தேடுவர். யாரோ சொன்ன கஷாயத்தைக் கொடுப்பர். அடுத்த மாதம் வலிப்பு இரண்டாகக் குறையும்போது, கஷாயம் குணப்படுத்தியதாக ஊரே பேசும். கஷாயம் இல்லாமலும் அது குறைந்திருக்கக்கூடும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. புதிய மருந்து விஷயத்தில் மருத்துவரும் இப்படி ஏமாறலாம்.

அதனால்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது. சோதனையில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புதிய மருந்தும் மற்றொரு குழுவுக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையும் கொடுக்கப்படும். யாருக்கு எது கிடைக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது. அவரைக் கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுவாக எவருடைய பழைய மருந்தும் நிறுத்தப்படுவதில்லை. அதனோடு சேர்த்தே புதிய மாத்திரையோ வெற்று மாத்திரையோ தரப்படுகிறது.

இத்தகைய ஆய்வொன்றில் மலேசியாவும் பங்கேற்றுள்ளது. பெராம்பனெல் என்னும் மருந்தை, ஜப்பான், சீனா, கொரியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளோடு மலேசிய மருத்துவமனைகளும் சேர்ந்து சோதித்தன. மூளை அணுக்களைத் தூண்டிவிடும் குளூட்டமேட் என்னும் பொருள் வந்து சேரும் வாயில்களுள் ஒருவகையை அம்மருந்து அடைத்துவிடுகிறது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள 710 பேர் அதில் சேர்ந்தனர். முதல் 6 வாரங்கள் புதிய மாத்திரை எதுவும் இல்லை. வலிப்புகளை எண்ணுவது மட்டுமே வேலை. அதன்பின் 19 வாரங்கள் மாத்திரை கொடுக்கப்பட்டது. 2018இல் வெளிவந்த முடிவின்படி, வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் வலிப்பு 10.8 விழுக்காடு குறைந்திருந்தது. நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களுக்கு 29 விழுக்காடும் 12 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு 38 விழுக்காடும் குறைந்தது. 4 மில்லிகிராம் பெற்றவர்களிடம் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. வெற்று மாத்திரைக் குழு இல்லாதிருந்தால், அந்தச் சிறிய அளவும் நன்றாக வேலை செய்வதாகவே எல்லாரும் நம்பியிருப்பர்.

இத்தனை பெரிய ஆய்வும் ஒரு சிறிய குறிப்பேட்டை நம்பியே நிற்கிறது. ஒவ்வொரு வலிப்பும் எந்த நாளில், எந்த நேரத்தில், எப்படி வந்தது என்பதை நோயாளியோ வீட்டில் உள்ளவரோ எழுதிவைக்க வேண்டும். வலிப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் அது நினைவில் இருக்காது. உறக்கத்தில் வந்ததை அருகில் படுத்திருப்பவர்தான் அறிவார். எழுத மறந்துவிட்டு, மருத்துவமனைக்குப் புறப்படும் காலையில் குத்துமதிப்பாக நிரப்பினால், ஆய்வின் கணக்கே பிசகிவிடும். ஆகவே, அக்குறிப்பேட்டை எழுதும் தாயும் மனைவியும் தம்பியும் கூட ஒருவகையில் ஆய்வாளர்களே.

வெற்று மாத்திரை பொய்யைக் களைகிறது என்றாலும், அதற்கும் ஒரு விலை உண்டு. பல மாதங்கள் அடங்காத வலிப்போடு இருக்கும் ஒருவருக்குக் கூடுதல் மருந்து கிடைக்காமலே போகிறது. 2011ஆம் ஆண்டில் பிலிப் ரிவ்லின் என்னும் பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய குழுவினரும் 112 சோதனைகளின் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். வலிப்பு நோயாளிகளுக்கு அரிதாக நேரும் திடீர் மரணம், வெற்று மாத்திரை பெற்றவர்களிடையே பல மடங்கு மிகுதியாக இருந்தது. பயனளிக்கும் அளவில் மருந்து பெற்றவர்களிடம் அது ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 0.9 என்ற அளவில் இருந்தது. வெற்று மாத்திரைக் குழுவிலோ அது 6.9 ஆக இருந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால், அந்த எண்ணுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு முழுமையான தீர்வு இன்னும் கிடைக்கவில்லை. காத்திருக்கும் காலத்தைச் சுருக்கும் வழிகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்று வருமாறு: சோதனைக்கு முன் ஒருவருக்கு மாதத்திற்கு எத்தனை வலிப்பு வந்தது என்பது குறிப்பேட்டில் இருக்கும். மாத்திரை தொடங்கியபின் அவருக்கு அதே எண்ணிக்கையில் வலிப்பு வந்துவிட்டால், அவர் அந்தப் பகுதியிலிருந்து விலகி, உண்மையான மருந்தைப் பெறலாம். மருந்து வேலை செய்தால் அந்த எண்ணிக்கையை எட்ட நெடுநாள் ஆகும். வேலை செய்யாவிட்டால் விரைவில் எட்டிவிடும். எத்தனை நாளில் எட்டுகிறது என்பதே ஒப்பீட்டுக்குப் போதுமானதாகிறது. இதனால் எவரும் தேவைக்கு மேல் வெற்று மாத்திரையோடு காத்திருக்க வேண்டியதில்லை. பழைய முறையைவிட இதுவே நேர்மையானது எனலாம்.

புதிய மருந்து பெறுவோருக்கும் ஆபத்து உண்டு. செனோபமேட் என்னும் மருந்து அடங்காத வலிப்புக்கு வியக்கத்தக்க பலன் தந்தது. 437 பேரிடம் நடந்த சோதனையில், அதிக அளவு பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கு இறுதி 12 வாரங்களில் வலிப்பே வரவில்லை. வெற்று மாத்திரைக் குழுவில் அது ஒரு விழுக்காடு மட்டுமே. ஆயினும், தொடக்க ஆய்வுகளில் மூவருக்கு உடல் முழுவதும் தடிப்பும் உள்ளுறுப்புப் பாதிப்பும் ஏற்பட்டன; அவர்களுள் ஒருவர் இறந்தார். மருந்தின் அளவை மிக விரைவாக உயர்த்தியதே காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். பின்னர் 1,339 பேருக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்தினர். அவர்களுள் ஒருவருக்கும் அந்தப் பாதிப்பு வரவில்லை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கா அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. மருந்தை மட்டுமன்றி, அதைக் கொடுக்கும் வேகத்தையும் சோதித்தாக வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

சோதனை யாரிடம் நடந்தது என்பதும் முக்கியம். கார்பமாசெபின் என்னும் பழைய மருந்து ஐரோப்பாவில் உருவாகிப் பல ஆண்டுகள் பாதுகாப்பாகவே கருதப்பட்டது. ஆசியாவிலோ அதை உட்கொண்ட சிலருக்குத் தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் கொடிய ஒவ்வாமை உண்டாயிற்று. 2004இல் தைவான் ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தனர். பாதிக்கப்பட்ட 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. அம்மரபணு ஐரோப்பியரிடையே மிக அரிது. தென்கிழக்காசிய மக்களிடையே பரவலாக உள்ளது. இந்தியர் சிலரிடமும் அது காணப்படுகிறது. இப்போது ஆசிய வம்சாவளியினருக்கு அம்மருந்தைத் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்வது பரிந்துரைக்கப்படுகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் ஆகியோர் வாழும் மலேசியா இத்தகைய சோதனைகளில் பங்கேற்பதன் தேவை இதனால் விளங்கும்.

இனி, கோலா தெர்லாத் தொழிலாளியின் முடிவுக்கு வரலாம். அவரிடம் ஒப்புதல் படிவம் நீட்டப்படும். அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வைச் சாராத ஒருவர் சாட்சியாக உடனிருக்க, அதை வாசித்து விளக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிடுவர். ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழு ஒன்று முன்னரே ஆராய்ந்து இசைவு தந்திருக்க வேண்டும். சேர்ந்தபின் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது. “டாக்டர் சொன்னார், அதனால் கையொப்பம் போட்டேன்” என்பது ஒப்புதல் ஆகாது. வெற்று மாத்திரை கிடைக்கலாம், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பவற்றை அறிந்து போடும் கையொப்பமே ஒப்புதல் ஆகும்.

தொலைவும் ஒரு தடைதான். அருகில் உள்ள பொது மருத்துவமனை தானா ராத்தாவில் உள்ளது. இத்தகைய ஆய்வுகள் நடப்பதோ பெரும்பாலும் நரம்பியல் வல்லுநர்கள் உள்ள நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை அங்குச் செல்ல வேண்டும். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்குவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கோலாலம்பூர் இன்னும் தொலைவு. மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் சாலையே மூடப்படும். வலிப்பு உள்ளவர் வாகனம் ஓட்ட முடியாது என்பதால், உடன் செல்பவருக்கும் ஒரு நாள் கூலி போகும். பயணச் செலவை ஆய்வு நடத்துவோர் தருவது வழக்கம் என்றாலும், இழந்த வேலைநாள் எல்லா நேரமும் ஈடாவதில்லை. இதனால் நகரத்தார் சேர்வதும் மலைத்தோட்டத்தார் விடுபடுவதும் இயல்பாகிவிடுகிறது.

சோதனை வெற்றி பெற்றாலும் மருந்து உடனே கைக்கு வந்துவிடாது. நாட்டில் விற்பதற்கு அது முறைப்படி பதிவு செய்யப்பட வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் கிடைக்க வேண்டுமானால், சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். பல ஆய்வுகளில், ஒப்பீட்டுக் காலம் முடிந்ததும் வெற்று மாத்திரை பெற்றவர் உட்பட எல்லாருக்கும் உண்மையான மருந்தைத் தொடர்ந்து தரும் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடு எத்தனை காலத்திற்கு, அதன்பின் மருந்துக்கு யார் பணம் கொடுப்பது என்னும் இரண்டு கேள்விகளையும் கையொப்பமிடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.